மாநிலப் பொருளாளர் பதவிக்கு ஒரு பசுமைக் கட்சி வேட்பாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014 ஜூன் 3 அன்று கலிபோர்னியாவில் முதற்கட்டத் தேர்தல் நடந்தது. மாநிலப் பொருளாளர் பதவிக்கு மூன்றே பேர் நின்றார்கள்: ஜனநாயகக் கட்சியின் ஜான் சியாங், குடியரசுக் கட்சியின் கிரெக் கான்லன், பசுமைக் கட்சியின் எல்லன் பிரவுன். பிரவுன் 6.6 சதவீத வாக்குகளோடு மூன்றாவதாக வந்தார். மக்கள் கட்டிய வரிப்பணம் செலவாகும் நாள்வரை எங்கே இருக்கிறது, அதனால் ஆதாயம் யாருக்கு என்ற ஒரே கேள்வியை வைத்து அவர் போட்டியிட்டார். அந்தக் கேள்வியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அந்தத் தேர்தலைப் பற்றியும், இரு பெரிய கட்சிகளுக்கு வெளியே இருந்து இப்பதவிக்கு நிற்பதைப் பற்றியும் பலர் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மாநிலப் பொருளாளர் என்பவர் நிதியமைச்சர் போன்றவரா?

இல்லை. கலிபோர்னியாவில் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்பவர் ஆளுநர். அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர்; நம் ஊர் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். திட்டத்தை வகுக்க உதவும் நிதித்துறை இயக்குநரை அவரே நியமிக்கிறார். அதைத் திருத்தி நிறைவேற்றுவது சட்டமன்றம். அரசின் பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்க ஆணையிடுவதும், தணிக்கை செய்வதும் கன்ட்ரோலர் என்ற வேறொரு பதவியின் வேலை. அவரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பொருளாளருக்கு மிஞ்சுவது மூன்று வேலைகள்: பணத்தைக் காப்பது, உடனே செலவாகாத பணத்தை முதலீடு செய்வது, மாநிலத்தின் பெயரில் கடன் பத்திரங்களை விற்பது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்வதில்லை. 'வரியைக் குறைப்பேன்' என்று ஒரு பொருளாளர் வேட்பாளர் வாக்குறுதி தந்தால், அது அவர் கையில் இல்லாத விஷயம்.

அப்படியானால் அவ்வளவு முக்கியமில்லாத பதவிதானே?

பலரும் அப்படி நினைத்துத்தான் வாக்குச்சீட்டில் இந்த இடத்தைத் தாண்டிப் போகிறார்கள். தொகைகளைப் பாருங்கள். அரசின் கையிருப்புகளையெல்லாம் சேர்த்து முதலீடு செய்யும் பொதுத் தொகுப்பு ஒன்று உண்டு. 2014-இல் அதில் இருந்தது 5,000 கோடி டாலருக்கும் மேல். நகராட்சிகள், மாவட்டங்கள், பள்ளி நிர்வாகங்கள் போன்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் 1977-இல் தொடங்கிய ஒரு நிதியின் வழியாகத் தங்கள் பணத்தையும் இதே தொகுப்பில் வைக்கின்றன.

இதைத் தவிர, பொருளாளர் பதவியின் பேரிலேயே இரண்டு பெரிய ஓய்வூதிய நிதிகளின் நிர்வாகக் குழுக்களில் அவர் உறுப்பினர்: அரசு ஊழியர்களுக்கான கால்பெர்ஸ், ஆசிரியர்களுக்கான கால்ஸ்டர்ஸ். கால்பெர்ஸின் சொத்து மட்டும் 2014-இல் சுமார் 30,000 கோடி டாலர். குறைந்த வாடகை வீடுகளுக்கான வரிச்சலுகையைப் பங்கிடும் குழுவிலும் அவருக்கு இடம் உண்டு. சான்ஹோசே நகரில் வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் ஒரு குடும்பத்துக்கும் இந்தப் பதவிக்கும் தொடர்பு இருக்கிறது.

பெரிய கட்சியினர் பலர் இதை ஆளுநர் நாற்காலிக்கான படியாகவே பார்த்தார்கள். பொருளாளராக இருந்தவர்களில் கேத்லீன் பிரவுன் 1994-இலும் ஃபில் ஆஞ்சலிடிஸ் 2006-இலும் ஜான் சியாங் 2018-இலும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். மூவரும் வெல்லவில்லை.

எல்லன் பிரவுன் யார்?

லாஸ் ஏஞ்சலிஸில் வழக்கறிஞராக இருந்தவர். வங்கிமுறையைப் பற்றி விரிவாக எழுதியவர். அரசுக்குச் சொந்தமான வங்கிகளுக்காகக் குரல் கொடுக்கும் பொது வங்கி நிறுவனம் என்ற அமைப்பைத் தொடங்கியவரும் அவரே.

அவருடைய வாதத்தின் பின்னணி 2009-ஆம் ஆண்டு. அந்தக் கோடையில் பட்ஜெட் நெருக்கடி முற்றி, கலிபோர்னியா தான் பணம் தர வேண்டியவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக 'பிறகு தருகிறோம்' என்ற உறுதிச் சீட்டுகளை அனுப்பியது. சுமார் 260 கோடி டாலருக்கு அப்படிச் சீட்டுகள் போயின. அவற்றை அனுப்ப வேண்டியிருந்தவர், அப்போது கன்ட்ரோலராக இருந்த இதே ஜான் சியாங். உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று, பல்வேறு நிதிகளில் ஆயிரக்கணக்கான கோடி டாலரை வைத்துக்கொண்டே தன் பில்லைக் கட்ட முடியாமல் நின்றது. மாநிலத்துக்கென்று சொந்த வங்கி இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று பிரவுன் கேட்டார்.

பெரிய கட்டுமானங்களின் வட்டிச் சுமை அவருடைய அடுத்த வாதம். சான்பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பே பாலத்தின் கிழக்குப் பகுதி 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கட்டச் செலவு சுமார் 640 கோடி டாலர். பல ஆண்டு வட்டியையும் சேர்த்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அந்த வட்டி மாநிலத்தின் சொந்த வங்கிக்குப் போனால் மக்களுக்கே திரும்பி வரும் என்றார். (அந்தப் பாலத்தின் கடனில் பெரும்பகுதி சுங்கக் கட்டணத்தை நம்பி வட்டாரச் சுங்க ஆணையம் வாங்கியது, மாநிலப் பொருளாளர் நேரடியாகத் தீர்மானிப்பதல்ல. எடுத்துக்காட்டு வலுவானது, ஆனால் இந்தப் பதவியோடு முழுமையாகப் பொருந்துவதில்லை.)

அரசே வங்கி நடத்துவது அமெரிக்காவில் எங்கேனும் உண்டா?

வடக்கு டகோட்டாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. பொது வங்கியைப் பற்றிப் பேசும் எல்லோரும் அந்த மாநிலத்தைத்தான் சுட்டுகிறார்கள். அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த கோதுமை விவசாயிகளின் விலையை மினியாபொலிஸ் தானிய வணிகர்களும், வட்டியை வெளி மாநில வங்கிகளும், சரக்குக் கட்டணத்தை ரயில் கம்பெனிகளும் தீர்மானித்தார்கள். 1915-இல் ஆர்தர் டவுன்லி என்ற நொடித்துப்போன விவசாயி நான்பார்ட்டிசன் லீக் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஃபோர்டு கார்களில் பண்ணை பண்ணையாகப் போய் உறுப்பினர் சேர்த்தார்கள். 1916-இல் அவர்களுடைய ஆளான லின் ஃப்ரேஸியர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919-இல் சட்டமன்றம் அரசு வங்கியை உருவாக்கியது. 20 லட்சம் டாலர் முதலுடன் அந்த ஆண்டு ஜூலை 28 அன்று அது திறக்கப்பட்டது. அரசு மாவு மில் ஒன்றும் கிராண்ட் ஃபோர்க்ஸில் 1922-இல் ஓடத் தொடங்கியது. இரண்டும் இன்றும் இருக்கின்றன.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1921-இல் ஃப்ரேஸியர், அரசு தலைமை வழக்கறிஞர், வேளாண் ஆணையர் மூவரையும் வாக்காளர்கள் பதவிக்காலத்தின் நடுவிலேயே திரும்ப அழைத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஓர் ஆளுநர் அப்படி நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஆனால் வங்கியை மூட அதே மக்கள் சம்மதிக்கவில்லை.

மாநில அரசின் பணம் சட்டப்படி அந்த வங்கிக்குத்தான் போகிறது. அந்த டெபாசிட்டுகளுக்கு மத்தியக் காப்பீடு கிடையாது, மாநிலமே உத்தரவாதம். உள்ளூர் வங்கிகளோடு போட்டி போடாமல், அவை தரும் கடன்களில் பங்கேற்கிறது. மாணவர்களுக்குக் கடன் தருகிறது. லாபத்தில் ஒரு பகுதி மாநில அரசுக்குப் போகிறது.

இதில் இரண்டு செய்திகள் கலிபோர்னியா வேட்பாளர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, அந்த வங்கியை மேற்பார்வை செய்யும் ஆணையத்தில் ஆளுநர், தலைமை வழக்கறிஞர், வேளாண் ஆணையர் ஆகிய மூவர்தான் இருக்கிறார்கள்; மாநிலப் பொருளாளர் அதில் இல்லை. இரண்டாவது, லீக்காரர்கள் தனிக்கட்சியாக நின்று வெல்லவில்லை. குடியரசுக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலுக்குள் புகுந்து, தங்கள் ஆட்களை அதன் வேட்பாளர்களாக்கி வென்றார்கள். பசுமைக் கட்சி நண்பர்கள் இந்தப் பாடத்தைப் போதுமான அளவு எடைபோட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பிரவுன் வென்றிருந்தால் கலிபோர்னியாவில் வங்கி வந்திருக்குமா?

அவர் மட்டும் நினைத்து வந்திருக்காது. சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும், ஆளுநர் கையெழுத்திட வேண்டும். 2011-இல் அரசு வங்கி சாத்தியமா என்று ஆராய ஒரு குழு அமைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதை நிராகரித்துவிட்டார். ஆராய்ச்சிக்கே அந்தக் கதி.

வேறு தடைகளும் உண்டு. கலிபோர்னியா அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, மற்றவர்களின் கடனுக்கு அரசு தன் பெயரில் பொறுப்பேற்பதைக் கட்டுப்படுத்துகிறது. பொதுப்பணத்தை டெபாசிட்டாக ஏற்கும் வங்கி, சாதாரணமாக அந்தத் தொகையில் 110 சதவீத மதிப்புள்ள பத்திரங்களை ஈடாக வைக்க வேண்டும். டெபாசிட் வந்த பணத்தையெல்லாம் அப்படியே பள்ளிக்கும் பாலத்துக்கும் கடனாகக் கொடுத்துவிட முடியாது. உள்ளாட்சிகள் வைத்திருக்கும் பணத்தை அவை சில நாட்களிலேயே திருப்பிக் கேட்கலாம். அதை முப்பது ஆண்டுக் கடனில் முடக்கினால் ஆபத்து.

'நம் பணமெல்லாம் வால் ஸ்ட்ரீட் வங்கிகளில் தூங்குகிறது' என்ற முழக்கமும் பாதி உண்மைதான். பொதுத் தொகுப்பின் பெரும்பகுதி மத்திய அரசின் பத்திரங்களில் இருக்கிறது. வங்கிகளின் பத்திரங்களிலும் ஒரு பங்கு உண்டு. இந்தக் குறைகளைச் சொல்வதால் யோசனை விழுந்துவிடாது. வங்கிக்கு முதல் எங்கிருந்து வரும், எந்தப் பணத்தை எவ்வளவு காலத்துக்கு அதில் வைக்கலாம் என்று விடை கண்ட பிறகே அது திட்டமாகும். பிரசாரத்தில் அந்த விடைகள் இன்னும் முழுமையாக வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

6.6 சதவீதம் என்பது பெரிய வாக்கா?

எண்ணிக்கையில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம். அப்போது மாநிலம் முழுவதும் பசுமைக் கட்சியில் பதிவு செய்திருந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர். கட்சிக்கு வெளியே இருந்தவர்களே அதிகம் வாக்களித்திருக்கிறார்கள்.

அதே நேரம் களத்தில் வேறு சிறிய கட்சி எதுவும் இல்லை. இரு பெரிய கட்சிகளையும் விரும்பாதவருக்கு அவர் ஒருவரே வழி. வாக்குப்பதிவும் மிகக் குறைவு: பதிவு செய்த வாக்காளர்களில் கால்வாசிப் பேர்தான் வந்தார்கள். ஒப்பிட வேண்டுமானால் 2002-ஐ எடுக்கலாம். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த இறுதித் தேர்தலில் பசுமைக் கட்சியின் லாரா வெல்ஸ் கன்ட்ரோலர் பதவிக்கு நின்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார்.

நவம்பர் தேர்தலில் பிரவுனின் பெயர் ஏன் இல்லை?

2010 ஜூனில் 14-ஆம் முன்மொழிவு என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை ஏறத்தாழ 54 சதவீத வாக்காளர்கள் ஏற்றார்கள். அதன்படி முதற்கட்டத்தில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இருப்பார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் நவம்பருக்குப் போவார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்து நவம்பருக்கு அனுப்ப முடிந்தது.

விளைவை இந்தப் பதவியிலேயே காணலாம். 2010 நவம்பரில் பொருளாளர் பதவிக்கு ஜனநாயக, குடியரசு, பசுமை, லிபர்டேரியன், அமெரிக்கன் இண்டிபெண்டன்ட், அமைதி மற்றும் சுதந்திரக் கட்சி என ஆறு கட்சிகள் சீட்டில் இருந்தன. 2014 நவம்பரில் இரண்டே பெயர்கள். மக்கள் அரசியலைக் கவனிக்கத் தொடங்குவது செப்டம்பரில். சிறிய கட்சிகளின் கதவு மூடப்படுவது ஜூனில். இந்த முறை மிதவாதிகளை வளர்க்கும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. அது வளர்த்ததோ இல்லையோ, ஒரு புதிய யோசனை நவம்பர் வாக்காளரின் கண்ணில் படும் வாய்ப்பைப் பறித்துவிட்டது. இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

நவம்பர் வாக்குச்சீட்டில் அவர் பெயரை நாமே கையால் எழுதிப் போட்டு வாக்களிக்க முடியாதா?

முடியாது. இந்தப் பதவிகளுக்கு நவம்பரில் எழுதிப் போடும் பெயர்கள் எண்ணப்படுவதில்லை. முதற்கட்டத்தில் மட்டுமே அந்த வழி உண்டு.

போட்டியிட என்ன செலவாகும்?

மனுக் கட்டணம், பதவியின் முதலாண்டுச் சம்பளத்தில் 2 சதவீதம். அதற்குப் பதிலாகக் கையெழுத்து திரட்டித் தரலாம். முன்பு சிறிய கட்சியினருக்கு 150 கையெழுத்து போதும். புதிய முறையில் மாநிலம் தழுவிய பதவிகளுக்கு 10,000 தேவைப்பட்டது. வசதியில்லாத வேட்பாளருக்கு இது பெரிய சுமை.

மூன்றாம் கட்சி வேட்பாளர் வாக்கைப் பிரித்து மற்றவரைக் கெடுப்பவரா?

2014-இல் பொருளாளர் பதவிக்கு இல்லை. சியாங் 55 சதவீதம் பெற்றிருந்தார். பிரவுன் நின்றதால் எதுவும் மாறவில்லை.

ஆனால் அதே நாளில் நடந்த கன்ட்ரோலர் தேர்தலைப் பாருங்கள். இரண்டாம் இடத்துக்கு இரண்டு ஜனநாயகக் கட்சியினர் மோதினார்கள். பெட்டி யீ, ஜான் பெரெஸைவிட 481 வாக்குகள் மட்டும் கூடுதலாகப் பெற்று நவம்பருக்குப் போனார். பசுமைக் கட்சியின் லாரா வெல்ஸ் அதில் 2 லட்சத்துக்கும் மேல் வாங்கினார். அவர் இல்லாவிட்டால் முடிவு எப்படியும் போயிருக்கலாம்.

பெரிய கட்சிகளே தங்கள் வாக்கைப் பிரித்துக்கொள்வதும் உண்டு. இதே முறையைப் பின்பற்றும் வாஷிங்டன் மாநிலத்தில் 2016-இல் பொருளாளர் பதவிக்கு மூன்று ஜனநாயகக் கட்சியினரும் இரண்டு குடியரசுக் கட்சியினரும் நின்றார்கள். ஜனநாயகக் கட்சியின் மூவரும் சேர்ந்து பாதிக்கு மேல் வாங்கியும், வாக்கு மூன்றாகச் சிதறியதால் இரண்டு குடியரசுக் கட்சியினரே நவம்பருக்குப் போனார்கள். வென்றவர் டுவேன் டேவிட்சன். வாக்குப் பிரிவதற்குச் சிறிய கட்சியை மட்டும் பழிப்பது முறையல்ல.

விவாத மேடைகளில் இடம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2010-இல் லாரா வெல்ஸ் பசுமைக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர். சான் ரஃபேலில் நடந்த ஆளுநர் விவாதத்துக்கு அவருக்கு அழைப்பில்லை. பார்வையாளராக உள்ளே போக முயன்றபோது அத்துமீறி நுழைந்ததாகப் பிடித்துச் சென்றார்கள். வாக்குச்சீட்டில் பெயர் உள்ள ஒரு வேட்பாளருக்கு நேர்ந்தது இது.

தோற்கப்போகிறவர் நிற்பதால் யாருக்கு என்ன பயன்?

இதற்கு இரண்டு நிகழ்வுகளைப் பதிலாகத் தருகிறேன்.

1994 ஜூனில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் பொருளாளர் தேர்தல். நீண்ட காலமாகப் பதவியில் இருந்த ராபர்ட் சிட்ரன், கடன் வாங்கி, வட்டி விகிதம் ஏறாது என்ற கணக்கில் பொதுப்பணத்தை முதலீடு செய்துவந்தார். எதிர்த்து நின்ற கணக்காளர் ஜான் மூர்லாக், இது ஆபத்து என்று பிரசாரம் முழுவதும் எச்சரித்தார். தோற்றார். அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று மாவட்டம் திவால் மனு தாக்கல் செய்தது. இழப்பு 160 கோடி டாலருக்கும் மேல். 1995-இல் மூர்லாக்கையே அந்தப் பதவிக்கு நியமித்தார்கள். அவர் மூன்றாம் கட்சிக்காரர் அல்லர், குடியரசுக் கட்சிக்காரர். வெல்ல முடியாத வேட்பாளரின் கேள்வியையும் ஏன் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக அவரைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது, பிரவுனின் யோசனைக்குப் பின்னால் நேர்ந்தவை. 2018 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. மாநிலம் அனுமதித்த கஞ்சா வணிகத்தின் பணத்தைக் கையாள அரசு வங்கி ஒன்றை அமைப்பது சாத்தியமில்லை என்று அது முடிவு சொன்னது. அந்த முயற்சியில் முன்னின்றவர், பிரவுனைத் தோற்கடித்துப் பொருளாளரான அதே சியாங். அத்தோடு கதை முடியவில்லை. 2019 அக்டோபரில் நகரங்களும் மாவட்டங்களும் பொது வங்கி தொடங்க வழி செய்யும் சட்டத்தில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். கொண்டுவந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் டேவிட் சியூ, மிகேல் சான்டியாகோ. மொத்தம் பத்து உரிமங்கள், ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு வந்த சட்டம். இதற்குப் பிரவுனின் வாக்குகள்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் ஊராக உழைத்த அமைப்புகளுக்கே அந்தப் பெருமை. ஆனால் ஐந்தாண்டுகளுக்கு முன்பே அந்த யோசனையை மாநிலம் முழுவதற்குமான வாக்குச்சீட்டுவரை கொண்டுபோனவர் அவர்.

இப்படி ஒரு வேட்பாளர் வாக்கு கேட்டு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் வாக்குறுதிகளில் எதை நீங்கள் தனியாகச் செய்ய முடியும், எதற்குச் சட்டமன்றம் தேவை என்று முதலில் கேளுங்கள். வங்கி வேண்டும் என்றால் அதன் முதல் எங்கிருந்து வரும், கடன் திரும்பாவிட்டால் யார் பொறுப்பு, யாருக்குக் கடன் என்று தீர்மானிப்பவர்கள் யார் என்று கேளுங்கள். வடக்கு டகோட்டாவில் சுமார் எட்டு லட்சம் மக்கள். கலிபோர்னியாவில் சுமார் நான்கு கோடி. அங்கே செல்லுபடியானது இங்கே எப்படிச் செல்லும் என்று கேளுங்கள். ஓய்வூதிய நிதிக் குழுக்களில் எப்படி வாக்களிப்பீர்கள் என்றும் கேளுங்கள். அந்த நாற்காலி பதவியேற்ற முதல் நாளிலேயே அவருக்குக் கிடைத்துவிடும்.

இதே கேள்விகளைப் பெரிய கட்சி வேட்பாளர்களிடமும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மே மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். பொருளாளர் தேர்தல் வரும் ஆண்டுகளில் முதற்கட்டம் ஜூன் தொடக்கத்தில் நடக்கிறது. தபால் வாக்குச்சீட்டு அதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பே வீடு வந்து சேர்ந்துவிடும்.